மாற்றமும் மாற்றலும்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) குருவானவராக இருக்கிறேன். வயது 36. இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. சபைப் பதிவேட்டில் 140 குடும்பங்கள் உண்டு, ஊரில் நிஜமாக இருப்பது 60 வீடு. மற்றவர்கள் சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று போய்விட்டார்கள். இருப்பவர்களில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

கோயிலை ஒட்டி மிஷனரி காலத்து ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் இல்லாமல் மூடி மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தக் கட்டடத்தை வயதானவர்களுக்கான பகல் பராமரிப்பு மையமாக மாற்ற வேண்டும் என்பது என் தரிசனம். மதியச் சாப்பாடு, பிசியோதெரபி, வாரம் ஒரு நாள் டாக்டர். வெளியூர்ப் பிள்ளைகள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். 42 ஸ்லைடு தயாரித்து, நீதிமொழிகள் 29:18ஐ முதல் ஸ்லைடில் போட்டு, ஆராதனை முடிந்ததும் சபையாருக்குக் காட்டினேன்.

ஒருவர் முகத்திலும் சலனமில்லை. அந்தப் பள்ளியில் வெகுகாலம் தலைமை ஆசிரியராக இருந்தவர், 78 வயது, எழுந்து, "ஐயரே, நீங்க இன்னும் ரெண்டு வருசத்துல மாறிப் போயிருவீய. நாங்கதான் இங்க கெடக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது. வாட்ஸாப் குழுவில் வாலிபர்கள் எல்லாரும் ஆதரவு, நேரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சேகரக் கமிட்டியில் 15 பேர். ஓட்டுக்கு விட்டால் 9 பேர் என் பக்கம் வருவார்கள். என் மனைவி, "விட்டுருங்க, வந்த வேலையப் பாருங்க" என்கிறாள்.

மாற்றத்தை விரும்பாத ஒரு சபையை வைத்துக்கொண்டு தலைவன் என்ன செய்வது? ஓட்டெடுத்து முடித்துவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத குருவானவர்

பதில்:

ஐயர் அவர்களுக்கு,

வயதுக்கு உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம். ஆனால் சேகரத்து ஐயரை வயது பார்த்துக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அதனால் ஐயர் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டு விஷயம். எடுக்காதீர்கள். 9க்கு 6 என்று ஜெயிப்பீர்கள், சரி. அந்த ஆறு பேருடைய அம்மாவும் பெரியம்மாவும் மாமியாரும்தான் உங்கள் மையத்தில் வந்து உட்கார வேண்டியவர்கள். மகன் தோற்ற இடத்துக்கு எந்தத் தாய் சாப்பிட வருவாள்? தவிர, அந்தக் கட்டடம் சேகரத்தின் சொத்தாகவே இருக்காது. நம் பக்கத்து மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் திருமண்டல டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில்தான் இருக்கும். அரசு உதவி பெற்ற பள்ளி என்றால், கல்வித் துறையில் அதை மூடிய காகிதங்கள் முறையாக முடிந்தனவா என்றும் பார்க்க வேண்டும். 15 பேர் கை தூக்கித் தீர்க்கிற காரியம் இல்லை இது. 42 ஸ்லைடில் ஒன்றிலாவது இதைப் போட்டிருந்தீர்களா? கடிதத்தில் பேச்சே இல்லை, அதனால் கேட்கிறேன்.

இனி தலைமை ஆசிரியர். 'மாற்றத்தை விரும்பாத சபை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள், திரும்பப் படித்துப் பாருங்கள். மாற்றம் வேண்டாம் என்று அதில் எங்கே இருக்கிறது? அவர் பேசியது மாற்றலைப் பற்றி. நீங்கள் மாற்றம் என்கிறீர்கள், சபைக்கு அது மாற்றல் என்று கேட்கிறது. காதில் கோளாறு இல்லை, அனுபவம் அப்படி. 78 வயதுக்குள் அவர் எத்தனை ஐயர்மாரைப் பார்த்திருப்பார்! ஒருவர் வந்து தென்னங்கன்று வைத்திருப்பார். அடுத்தவர் அதைப் பிடுங்கிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வானம் தோண்டியிருப்பார். மூன்றாமவர் காலத்தில் அந்தக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும். மூன்று பேருக்குமே தரிசனம் இருந்திருக்கும். பாக்கியைக் கட்டியது சபை.

இதை நான் மேட்டில் நின்றுகொண்டு சொல்லவில்லை. 1990களில் சபை சார்ந்த ஒரு வளர்ச்சிப் பணி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு கடற்கரை ஊரில் பெண்களுக்குத் தையல் கூடம் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 12 மெஷின், காற்றோட்டமான கட்டடம், திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள். அந்த ஊர்ப் பெண்கள் விடியுமுன்னே கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறிவிடுவார்கள், பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. எட்டாவது மாதம் போய்ப் பார்த்தால் கூடத்துக்குள் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல கூடந்தான் மக்ளே. எங்களுக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு கக்கூஸ் கெட்டித் தந்திருந்தா போதும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஊரும் மாற்றத்தை விரும்பாத ஊர் என்றுதான் என் அறிக்கையில் எழுதினேன். வெட்கம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் என்பதால் அவரை வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரி வேலைக்கே வர மாட்டேன் என்றிருந்த அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டராகி 1900இல் திரும்பி வந்தார். நம் பிரசங்கங்கள் வழக்கமாக இந்த இடத்தில் ஆமென் சொல்லி முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு 40 வருடம் கழித்து நடந்தது.

1918இல் அவர் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த மூன்று சாவுக்கு அவர் சொன்ன பதில் அது. ஆண் டாக்டரிடம் போக மாட்டார்களா, சரி, இந்தியப் பெண்களையே டாக்டராக்கிவிடுவோம். 20 வருடம் பள்ளி நன்றாக நடந்தது. 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. என்ற டிப்ளமோ படிப்பு இனி போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்றது. அதற்கு இன்னும் நிறையப் படுக்கைகள், பட்ட மேற்படிப்பு படித்த பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். பெண்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு அவ்வளவு பணமும் ஆளும் திரட்ட முடியவில்லை. ஆண்களையும் சேர்த்து, பல மிஷன்கள் கூடி நடத்தும் கல்லூரியாக்கினால் பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்ற நிலை.

ஐடாவுக்கு அப்போது வயது 70ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்காக என்று சொல்லி வாங்கிய பணம் அது. கொடுத்த அமெரிக்கப் பெண்கள் பலருக்கு இந்த யோசனையே துரோகமாகப் பட்டது. நெடுநாள் தோழியரும் அதில் உண்டு. அவருக்கே அது லேசில் செரிக்கவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். 1947இல் ஆண் மாணவர்கள் வேலூரில் சேர்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள், இங்கே மாற வேண்டியிருந்தது யார்? தரிசனம் கண்டவரேதான். பெண்கள் வைத்தியம் இல்லாமல் சாகக் கூடாது என்பது அவர் கண்டது. 'பெண்களுக்கு மட்டும்' என்பது 1918இல் அதற்குத் தைத்த சட்டை. உடம்பு வளர்ந்த பிறகு சட்டை பத்தவில்லை, தைத்தவரே கழற்றினார். திறந்த மனசு என்று தலைமைத்துவ வகுப்புகளில் நாங்கள் சொல்லிக் கொடுப்பதைச் சபையாரிடம் எதிர்பார்ப்பது சுலபம். தன்னுடைய மிக நல்ல யோசனையைத் தானே கலைக்கிற திறந்த மனசு இருக்கிறதே, அதுதான் கஷ்டம். உங்களிடம் நான் கேட்பது அதைத்தான்.

உங்கள் கடிதத்தில் 'என் தரிசனம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கட்டடம். அது திட்டம், சட்டை. நீங்கள் என்ன கண்டீர்கள்? எந்தப் பாட்டியைப் பார்த்து இது தோன்றியது? தனியாகச் செத்துக் கிடந்து மறுநாள் கண்டுபிடித்த யாராவதா? மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டு விழுந்த தாத்தாவா? ஏதோ ஒரு முகம் இருந்திருக்கும், இல்லாமல் ஒரு மனிதர் 42 ஸ்லைடு போட மாட்டார். அந்த முகத்தை நீங்கள் சபைக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். சேகரத்துக்குச் சேகரம் 'விஷன்' கூட்டம் நடத்துகிறோம். கம்பெனிகளில் சுவரில் மாட்டும் அந்த விஷனைக் கொண்டுவந்து வேதாகமத்துத் தரிசனத்தின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். இதில் என் பங்கும் உண்டு, அந்த வகுப்புகளை 15 வருடம் எடுத்தவள் நான். நீங்கள் முதல் ஸ்லைடில் போட்ட வசனத்தையே எடுங்கள். தமிழ் வேதாகமத்தில் அங்கே இருப்பது 'தீர்க்கதரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள்' என்றுதான். தீர்க்கதரிசனம் என்றால் ஆண்டவர் வாக்கு. ஐந்தாண்டுத் திட்டம் இல்லை. அதே வசனத்தின் அடுத்த பாதி, வேதத்தைக் காக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. காப்பவர்களையும் சேர்த்துப் புகழ்கிற வசனத்தை, காப்பவர்களுக்கு எதிராகத் திரையில் போட்டிருக்கிறீர்கள். தலைமை ஆசிரியர் வேதம் தெரிந்தவர் என்றால் அந்த முதல் ஸ்லைடிலேயே உங்களுக்கு ஒரு மார்க் குறைத்திருப்பார்.

அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த கட்டடம். பிள்ளைகள் படித்தார்கள், படித்ததாலேயே ஊரை விட்டுப் போனார்கள், போனதால் பள்ளி மூடியது. தான் நன்றாக வேலை செய்ததன் பலனாகத் தன் பள்ளிக்கூடம் செத்தது என்று அந்த மனிதருக்குத் தெரியும். இப்போது நீங்கள் வந்து, தான் பிரம்போடு நின்ற வகுப்பறையில் காலை நீட்டிப் படுங்கள், பிசியோதெரபி செய்கிறோம் என்கிறீர்கள். அப்புறம் ஊர்வாய் இருக்கிறது. நீங்கள் பகல் பராமரிப்பு மையம் என்று எத்தனை தடவை சொன்னாலும் தெருவில் அதன் பெயர் முதியோர் இல்லம்தான். "துபாயில மகன் இருந்தும் மதினி அங்க போயிச் சாப்பிடுதாளாம்லா" என்ற ஒரு பேச்சு போதும், ஒரு கிழவி வாசல் தாண்ட மாட்டாள். பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அனுப்புவார்கள், அவர்களுக்கும் மனசு உறுத்துகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் உங்கள் காரியத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. அன்றாட விசாரணையில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கு பேசும் யூதர்கள் முறுமுறுத்தார்கள். வயதான பெண்கள், பந்தி, சாப்பாடு, ஓரவஞ்சனை என்ற புகார். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, தாங்களே ஒரு திட்டம் போட்டுக் காட்டவும் இல்லை. ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்று சபையிடம் விட்டார்கள். சபை தெரிந்துகொண்டது யாரை? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் போயிருக்கிறது. உங்கள் மையத்தின் நிர்வாகக் குழுவில் யார் யார் என்று ஒரு ஸ்லைடு நிச்சயம் இருந்திருக்கும். அதில் தலைமை ஆசிரியர் பெயர் இருந்ததா?

இன்னொன்று. உங்கள் சபையார் மாற்றத்துக்குப் பயந்தவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ ஊர்கள் எப்படி உண்டாயின? 1799இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம், கிறிஸ்தவர்களான தன் ஜனங்களுக்குத் தொல்லை தாங்காமல், தனியாக நிலம் வாங்கிக் குடியமர்த்திய ஊர்தான் முதலூர், பெயரிலேயே அது இருக்கிறது. பின்னால் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்படுத்தி, சபையார் காசிலேயே இதற்கென்று நிலம் வாங்கினார்கள். பிறந்த ஊர், குலசாமி, சொந்தக்காரர் பந்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பனங்காட்டுக்கு நடுவில் குடிசை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். உங்கள் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டிருக்கிறீர்களா? பிரதிஷ்டை பண்டிகை மலரில் இரண்டு பக்கம் இருக்கும். மீதியை அந்த 78 வயதுக்காரர் சொல்வார், நீங்கள் கேட்டால்.

தரிசனம் கேட்டு வருவதும் உண்டு என்பதற்கு நம் வெள்ளாளன்விளையில் பிறந்த மிஷனரி அசரியாவே சாட்சி. 1902இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ் மாணவர்கள் தங்கள் காசைப் போட்டுக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியக்காரரை அனுப்புவதைக் கண்டார். நம்மிடம் ஆலயமும் பள்ளியும் இத்தனை இருந்தும் இது தோன்றவில்லையே என்ற உறுத்தலோடு திரும்பினார். அடுத்த வருடம், 1903இல், ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியது. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்றார்கள். முதல் ஊழியக்காரர் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்னக்கல் போனார். 1909இல் அசரியாவே ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தெலுங்கு மக்களோடு உட்கார்ந்தார். 1912இல் பேராயர். 1945 ஜனவரி 1ஆம் தேதி சாகும்வரை மாற்றல் இல்லை! உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நீங்கள் செய்கிற எதுவும், நீங்கள் போன பிறகு வரும் ஐயருக்கு வயதானவர்கள் மேல் துளி அக்கறை இல்லாவிட்டாலும் நடக்கும்படி இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வைத்துப் பார்த்தால் உங்கள் 42 ஸ்லைடில் 30 தானாக விழுந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் சம்பளம், கட்டில்கள், மின்சாரக் கட்டணம், எல்லாம்.

என்ன மிஞ்சும்? அசனம் மிஞ்சும்.

அசன பண்டிகை உங்கள் ஊரிலும் நடக்கும்தானே. அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று வந்து சேர்ந்து, பெரிய கொப்பரையில் வெந்து, எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற காரியம். அதில் சாப்பிட யாருக்கும் கூச்சம் கிடையாது. துபாயில் நாலு மகன் உள்ளவளும் தூக்குவாளி எடுத்துக்கொண்டு வருவாள், அது கோயில் சோறு. முதியோர் மையத்துச் சோற்றுக்கும் அசனச் சோற்றுக்கும் அரிசி ஒன்றுதான், பெயர் வேறு, பெயர்தான் இங்கே எல்லாம். பள்ளிக்கூடத் திண்ணையில் மாதம் ஒரு நாள், உபவாச ஜெபம் முடிந்த கையோடு, ஒரு சின்ன அசனம் வைத்துப் பாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் கேளுங்கள், கைப்பிடி அரிசி எடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளிலாவது இருக்கும். மாதம் ஒன்று இரண்டாகி, வாரம் ஒன்றானால் ஆகட்டும். ஆகாவிட்டால் மாதம் ஒன்றோடு நிற்கட்டும். சாப்பிட வந்த இடத்தில் ஒரு செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தால் அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு பெண்தான் வருகிறார், உங்கள் மனைவி, அவரும் விட்டுவிடச் சொல்வதற்கு. அந்த 60 வீட்டில் யார் எப்போது சாப்பிட்டார்கள், யார் சாப்பிடாமல் படுத்தார்கள் என்று அறிந்தவர்கள் யார்? கமிட்டியின் 15 பேரா? ஐயரம்மாவிடம் கேளுங்கள். "வந்த வேலையப் பாருங்க" என்று அவர் சொன்னதை நீங்கள் தடையாக எடுத்துக்கொண்டீர்கள். வந்த வேலை எது என்று அவர் நினைக்கிறார் என ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து விசாரியுங்கள். எனக்கென்னவோ அவர் உங்களைவிட இரண்டு வீடு அதிகமாகவே பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. நான் முதல்முதலில் ஒரு சேகரக் கமிட்டியில் உட்கார்ந்தபோது அங்கே நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதம் எனக்கு டீ ஊற்றும் வேலைதான் கிடைத்தது. அந்த டீ நேரத்தில் கேட்டதுதான் கமிட்டியில் பேசியதைவிட உண்மையாக இருந்தது.

இனி ஒரு சங்கடமான கேள்வி. உங்கள் கடிதத்தில் தெரு என்ற சொல்லே இல்லை. சேகரம் என்றால் பல தெரு, சில இடங்களில் பல ஊர். ஒரே பாத்திரத்தில் சமைத்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து இந்த ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் சாப்பிடுவார்களா? யார் சமைத்தால் யார் சாப்பிட மாட்டார்கள்? கிறிஸ்தவர்கள் என்ற பிறகும் இதைக் கேட்க வேண்டியிருப்பது எனக்கும் கசப்புதான். ஆனால் கேட்காமல் தொடங்கிய பல நல்ல காரியங்கள் முதல் பந்தியிலேயே உடைந்திருக்கின்றன. அந்தப் பள்ளியில் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் படித்திருப்பார்கள். அவர்களும் இன்று கிழவன் கிழவிதான். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்திருந்ததென்றால் திண்ணையும் திறந்திருக்க வேண்டும். இதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் நான் உங்களை இறங்கி வரச் சொல்கிறேன், இதில் நில்லுங்கள். இதற்காக இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். ஐடா ஸ்கடர் சட்டையைத்தான் கழற்றினார், உடம்பை இல்லை.

வீடு வீடாகப் போங்கள் என்று சொன்னால், போகிறேனே என்பீர்கள். ஜெபம் பண்ணிவிட்டு வருவீர்கள், தெரியும். நான் சொல்வது வேறு. பெண்கள் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு மாதத்தில் 60 வீட்டையும் முடியுங்கள். உங்களுக்கு என்ன தேவை என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேண்டாம் ஐயரே, ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மாத்திரை யார் வாங்கித் தருகிறார்கள், ராத்திரி விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், கடைசியாக எப்போது கோயிலுக்கு வர முடிந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை. ஒருவேளை இந்தச் சுற்று முடியும்போது உங்களுக்குக் கட்டடமே தேவைப்படாது. ஒரு ஆட்டோவும் நம்பகமான ஓட்டுநரும் போதும் என்று தெரிய வரலாம். அப்படித் தெரிந்தால் உங்களால் அதை ஏற்க முடியுமா? கொஞ்சம் வலிக்கும். என் தையல் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப் வாலிபர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரல் காட்டுவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் பேசச் சொல்லுங்கள், பணத்தைப் பிறகு வாங்கலாம். வாங்கும்போது உங்கள் பெயரில் கணக்கு வேண்டவே வேண்டாம்.

தலைமை ஆசிரியர் வீட்டுக்கு எப்போது போவது என்பதுதான் பாக்கி. மற்ற 59 வீட்டுக்கும் முன்னால் அங்கே போங்கள். மன்னிப்புக் கேட்கும் தோரணையிலும் வேண்டாம், சம்மதம் வாங்கும் தோரணையிலும் வேண்டாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன, பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டை அவர் வீட்டு பீரோவிலேயே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நம் பக்கத்து தலைமை ஆசிரியர்களை எனக்குத் தெரியும், என் அப்பாவும் அந்த ஜாதிதான். பக்கம் புரட்டப் புரட்ட ஒவ்வொரு பெயருக்கும் இவன் இப்போது எங்கே, இவள் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், இவனுக்கு அம்மா இப்போது தனியாக என்று சொல்லிக்கொண்டே வருவார். உங்களுக்கு வேண்டிய பட்டியல் அதுதான், குறித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மத்தியானம் தூங்குவார். லேப்டாப் எடுத்துப் போக வேண்டாம்.